தனியாக ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிடப் பிடித்தவர்கள் இங்கே வாருங்கள்

தேன்மொழி_திருச்சி எழுதியது:

எனக்குத் தனியாக ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிடுவது ரொம்பப் பிடிக்கும். துணைக்கு ஆள் கிடைக்காமல் போவதைச் சொல்லவில்லை. கூப்பிட்டால் வர நாலு பேர் இருக்கிற நாளிலும் நானாகவே விரும்பிக் கிளம்பிப் போவதைச் சொல்கிறேன். சென்னையில் லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறேன். ஞாயிறு ராத்திரி எங்கள் ஹாஸ்டலில் சமையல் கிடையாது. அப்படித்தான் இது தொடங்கியது. இப்போது ஞாயிறு வரட்டும் என்று காத்திருப்பதில்லை.

ஆபீஸில் சொன்னால், "ஏன், யாரோடயாவது சண்டையா?" என்று கேட்கிறார்கள். தனியாகப் படத்துக்குப் போனேன் என்றால் படம் எப்படி என்று கேட்கிற அதே ஆட்கள், தனியாகச் சாப்பிட்டேன் என்றால் "ஐயோ பாவம்" என்கிறார்கள். அம்மாவிடம் இதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டேன்.

கூட்டமாகப் போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருத்தருக்குக் காரம் ஆகாது, ஒருத்தர் டயட், இன்னொருத்தர் "எல்லாரும் ஷேர் பண்ணிக்கலாம்" என்பார். கடைசியில் யாரும் ஆசைப்படாத கோபி மஞ்சூரியனும் ரெண்டு நானும் மேசைக்கு வரும். எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்ததோ ஒரு அடை, கொஞ்சம் அவியல், ஓரமாக ஒரு துண்டு வெல்லம். அடை கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு வரும்போது ஓரம் மொறுமொறுவென்றும் நடுவில் கனமாகவும் இருக்கும். மேலே வைத்த வெண்ணெய் கரைந்து உள்ளே இறங்குகிற அந்த நேரத்தில் சாப்பிட வேண்டும். அந்த நேரம் பார்த்து யாராவது அப்ரைசல் பேச்சை எடுத்தால் அடை ஆறிவிடும்.

உங்களில் யாருக்கெல்லாம் இது பிடிக்கும்? எந்த ஊர், எந்த மாதிரி கடை? பெண்கள் கட்டாயம் எழுதுங்கள்.

மருந்துப்பை எழுதியது:

இந்தத் தலைப்பை யாராவது தொடங்க மாட்டார்களா என்று இருந்தேன். நான் மெடிக்கல் ரெப். மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். டாக்டரைப் பார்க்கக் காத்திருப்பது, கிடைத்த இடைவெளியில் சாப்பிடுவது, இதுதான் வேலை. தனியாகச் சாப்பிடுவதைத் தொழில் பழக்கிவிட்டது, அப்புறம் அதுவே பிடித்துப்போய்விட்டது.

தனியாகப் போகிறவனுக்கு ஒரு பெரிய வசதி, ஊருக்கு ஊர் அந்த ஊர்ச் சாப்பாட்டைத் தேடிப் போகலாம். கும்பகோணம் போனால் இட்லிக்குக் கடப்பா போடுகிற கடையாகப் பார்ப்பேன். உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் சேர்த்துத் தேங்காய் அரைத்து விட்டுச் செய்வது. எல்லா நாளும் போட மாட்டார்கள், வாசலிலேயே கேட்டுவிட்டு உட்கார வேண்டும். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கடை கடையாகக் "கடப்பா இருக்கா?" என்று கேட்டு அலைய முடியுமா? தனியாக இருந்தால் மூணு கடை ஏறி இறங்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

மதுரையில் சிம்மக்கல் கோனார் மெஸ் கறிதோசை. அடுப்பு தெரிகிற மாதிரி இடம் கிடைத்தால் விடாதீர்கள். கனமாக மாவை ஊற்றி, மேலே முட்டையைப் பரப்பி, அதற்கு மேல் வேகவைத்த கொத்துக்கறியை அள்ளிப் போட்டு, புரட்டிப் போட்டு அழுத்துவார்கள். திருப்பும்போது கறி கல்லில் பட்டு ஒரு சத்தம் வரும் பாருங்கள், அப்போதே பசி இரட்டிப்பாகிவிடும். ஒரு கறிதோசை ஒரு ஆளுக்குச் சரியாக இருக்கும். நாலு பேர் போனால் ஆளுக்கொரு துண்டு பிய்த்து, ருசி பார்த்ததோடு சரி.

விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா. வட்டச் சட்டியில் எண்ணெயில் பொரித்து எடுப்பதால் மேலே மொறுமொறுப்பு, உள்ளே மென்மை. பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, எவ்வளவு ஊற வேண்டும் என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். எனக்கு அரைகுறையாக ஊறினால் போதும். திருநெல்வேலியில் சாயங்காலம் நூறு கிராம் அல்வாவை இலைத்துண்டில் வாங்கி ரோட்டோரம் நின்று சாப்பிடுவேன். அங்கே என்னைப் போல ஒற்றையாக நிற்கிறவர்கள்தான் அதிகம்.

தோழி தேன்மொழிக்கு என் அனுபவத்தில் ஒரு யோசனை: மதியச் சாப்பாட்டுக்கு 12 மணிக்கு முன்னால் போங்கள், இல்லையென்றால் இரண்டரைக்கு மேல் போங்கள். சப்ளையர் நிதானமாக இருப்பார், கேட்டது கிடைக்கும்.

நெய்ரோஸ்ட்88 எழுதியது:

தனியாகத்தானே சாப்பிடப் போகிறீர்கள், ஆப்பில் ஆர்டர் போட்டு ரூமிலேயே சாப்பிடலாமே? ஏன் வெயிலில் அலைய வேண்டும்? கிண்டலுக்குக் கேட்கவில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தேன்மொழி_திருச்சி எழுதியது:

உங்கள் பெயரிலேயே பதில் இருக்கிறது நண்பரே. நெய் ரோஸ்ட்டை டப்பாவில் மடித்து மூடினால் அதன் ஆவியிலேயே அது நமுத்துவிடும். அரை மணி கழித்து வந்து சேர்வது வேறு பண்டம். பூரியும் அப்படித்தான், வடையும் அப்படித்தான். பார்சலில் பிழைப்பது பிரியாணியும் கலந்த சாதமும்தான்.

இன்னொன்றும் உண்டு. ரூமில் தனியாகச் சாப்பிட்டால் லேப்டாப்பைத் திறந்துவிடுவேன், என்ன சாப்பிட்டேன் என்றே நினைவிருக்காது. ஹோட்டலில் சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள். பக்கத்து மேசையில் ஒரு குழந்தை சாம்பாரில் வடையை முக்கி விளையாடுகிறது, கல்லாவில் சில்லறைச் சண்டை நடக்கிறது, உள்ளேயிருந்து "ரெண்டு ஊத்தப்பம், ஒண்ணு வெங்காயம் தூக்கலா" என்று குரல் வருகிறது. நான் யாரோடும் பேசவில்லை, ஆனாலும் எனக்குத் தனிமையாக இல்லை.

பொன்னி_அரிசி எழுதியது:

வயதில் மூத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், தங்கச்சிகள் தம்பிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். சாப்பாடு என்பது கூடி உட்கார்ந்து சாப்பிடுவது. எங்கள் வீட்டில் அப்பா வந்து உட்காராமல் இலை போட மாட்டார்கள். தனியாக உண்பது பிச்சை எடுப்பதை விடக் கொடியது என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார், 229ஆம் குறள். காரியமாகப் போகும்போது தனியாகச் சாப்பிட வேண்டியிருந்தால் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். அதை ஆசைப்பட்டுச் செய்வது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

கரும்பலகை எழுதியது:

ஐயா, அந்தக் குறள் ஈகை அதிகாரத்தில் வருகிறது. சேர்த்து வைத்த பொருளை இல்லாதவருக்குக் கொடுக்காமல் தானே உட்கார்ந்து அனுபவிக்கிறவனைப் பற்றியது அது. சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு அடை சாப்பிடுகிற பெண்ணைப் பற்றியது இல்லை. பள்ளியில் இந்த அதிகாரத்தைப் பல தடவை நடத்தியிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

அப்புறம், அப்பா வந்து உட்காராமல் இலை போடாத வீட்டில் அம்மா எப்போது சாப்பிட்டார்கள்? எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். எல்லோருக்கும் பரிமாறி முடித்து, அடுப்படியில், மிச்சமிருந்ததைத் தனியாகத்தான் அம்மா சாப்பிட்டார். யாரும் அவரைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொன்னதில்லை.

பொன்னி_அரிசி எழுதியது:

இது நியாயமான கேள்வி தம்பி. நான் அப்படி யோசித்ததில்லை. தொடர்ந்து படிக்கிறேன்.

கல்லாப்பெட்டி எழுதியது:

வணக்கம். எங்கள் குடும்பம் ஹோட்டல் நடத்துகிறது. பெரிய கடை இல்லை, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிபனும் மதியச் சாப்பாடும். தனியாக வருகிறவர்கள் "ஒரு ஆளுக்காக மேசையைப் பிடிக்கிறோமே" என்று கூச்சப்படுவதைத் தினமும் பார்க்கிறேன். அதனால் கல்லாவிலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன்.

"எத்தனை பேர்?" என்று சப்ளையர் கேட்பது இடம் பார்த்து உட்கார வைக்க மட்டும்தான். ஒரு ஆள் என்றால் எங்களுக்கு நல்லதுதான். டிபனுக்குத் தனியாக வருகிறவர் கால் மணி, இருபது நிமிஷத்தில் கை கழுவிவிடுவார். குடும்பமாக வந்தால் முக்கால் மணிக்குக் குறையாது. இருக்கைக்கு எவ்வளவு வியாபாரம் என்று கணக்குப் பார்த்தால் ஒற்றை ஆள் நஷ்டமே இல்லை. சுவரோரம் ரெண்டு பேர் மேசை போட்டதே அவர்களுக்காகத்தான்.

தனியாக வருகிறவர்தான் சாப்பாட்டைக் கவனிக்கிறவர். சாம்பாரில் புளி கொஞ்சம் தூக்கல் என்றால் அவர்தான் சொல்வார். எங்கள் மாஸ்டர் புதுசாக ஏதாவது சட்னி அரைத்தால் முதலில் யாருக்கு வைக்கச் சொல்வார் தெரியுமா? காலையில் ஏழரைக்கு ஒற்றையாக வந்து பேப்பரோடு உட்காருகிற பெரியவருக்கு.

ஒரே ஒரு வேண்டுகோள். மதியம் ஒரு மணிக்கு, வாசலில் ஆள் நிற்கும்போது, நாலு பேர் மேசையில் லேப்டாப்பை விரித்து வைக்காதீர்கள். அந்த நேரத்தில் எதிரே இன்னொருத்தரை உட்கார வைத்தால் சங்கடப்படவும் வேண்டாம். நாலு மணிக்கு வாருங்கள், ஒரு காபியோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருங்கள். அந்த நேரத்தில் கடை காலியாக இருப்பதை விட ஒருத்தர் உட்கார்ந்திருப்பது எங்களுக்கும் நன்றாக இருக்கும்.

இன்னொன்று. முழுச் சாப்பாடு சாப்பிட முடியாதவர்கள் அளவுச் சாப்பாடு கேளுங்கள். பல கடைகளில் உண்டு, போர்டில் எழுதாத கடையிலும் கேட்டால் கொடுப்பார்கள்.

அரைப்ளேட் எழுதியது:

கல்லாப்பெட்டி அண்ணா, சாப்பாட்டுக்கு அளவு உண்டு, சரி. ப்ரைடு ரைஸ், சிக்கன் கிரேவி பக்கம் போனால் எல்லாமே ரெண்டு மூணு பேருக்கு அளந்து வைத்தது. ஒரு பட்டர் சிக்கனை ஒரு ஆள் எப்படி முடிப்பது? அரை ப்ளேட் போட்டால் தனியாக வருகிறவன் ரெண்டு ஐட்டம் சொல்வான், கடைக்கும் லாபம்தானே. கொரியாவில் இறைச்சியை மேசையிலேயே சுட்டுச் சாப்பிடும் கடைகளில் ரெண்டு பேர் அளவுக்குக் குறைந்து ஆர்டர் எடுக்காத இடங்கள் நிறைய உண்டு. வேலையாகப் போனபோது அந்த வாசலிலிருந்து திரும்பியிருக்கிறேன். இந்த விஷயத்தில் நம் தோசைக் கடைதான் உசத்தி. தோசை, பொங்கல், இட்லி எல்லாமே ஒரு ஆளுக்கென்று அளந்தவை.

வெள்ளைக்கோட்டு எழுதியது:

நான் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து காலையில் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போய்த் தூங்குவேன். அது எனக்குக் கிடைத்த பெரிய சுகம். பன்னிரண்டு மணி நேரம் யாராவது ஒருத்தர் "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். இங்கே நான் கூப்பிட்டால் ஒருத்தர் வருவார். பொங்கல், ஒரு வடை, ஸ்ட்ராங்காக ஒரு காபி.

ஆனால் இந்த இழையில் ஆண்கள் எழுதுவதைப் படிக்கும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் தனியாகப் போனால் சாப்பிட வந்தவர். நாங்கள் தனியாகப் போனால் யாருக்காகவோ காத்திருக்கிறவர். ஒரு ஊரில் பயிற்சிக்காகத் தங்கியிருந்தபோது ராத்திரி எட்டரைக்கு ஒரு ஹோட்டலுக்குப் போனேன். பொது ஹாலில் இடம் இருந்தது. "லேடீஸ் இங்க உட்கார வேண்டாம் மேடம்" என்று மாடியில் ஃபேமிலி ரூமுக்குக் கூட்டிப்போனார்கள். ஏசி என்பதால் விலை அதிகம். யாருமே இல்லாத அறை, கதவை வேறு சாத்திவிட்டுப் போனார். திரும்பத் திரும்ப வந்து "சார் வராங்களா மேடம்?" என்று கேட்டார். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் செய்திருப்பார்கள். எனக்கு அந்த அறையில்தான் பயமாக இருந்தது. எழுந்து கீழே வந்து, கல்லாவுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து, "இங்கேயே கொண்டாங்க" என்றேன். கொண்டுவந்தார்கள்.

அன்றிலிருந்து என் வழக்கம் இதுதான்: புது ஊரில் கல்லா பக்கத்து மேசை. கல்லாவில் இருக்கிறவர் கண் பார்க்கிற இடத்தில் யாரும் வாலாட்ட மாட்டார்கள். கோயில் தெரு ஹோட்டல்களில் காலை நேரம் எந்தப் பெண்ணும் தனியாகப் போகலாம், பாதிப்பேர் சாமி கும்பிட்டுவிட்டு வருகிற பெண்கள்தான். யாராவது முறைத்துப் பார்த்தால் குனியாதீர்கள், திருப்பிப் பாருங்கள். "கூட யார் வராங்க?" என்று கேட்டால் "நான் மட்டும்தான்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையை மெதுவாகச் சொல்லும்போதுதான் அடுத்த கேள்வி வருகிறது.

தேன்மொழி_திருச்சி எழுதியது:

அக்கா, இதை எழுதியதற்கு ரொம்ப நன்றி. கல்லாவுக்கு எதிர் மேசை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பழைய_பேப்பர் எழுதியது:

எதிரே முன்பின் தெரியாதவரை உட்கார வைத்தால் சங்கடப்பட வேண்டாம் என்று கல்லாப்பெட்டி எழுதியதைப் படித்ததும் தோன்றியது. முன்பின் தெரியாத ரெண்டு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே சாம்பார் வாளியிலிருந்து ஊற்றிச் சாப்பிடுவது இந்த ஊரில் சும்மா வந்துவிடவில்லை.

ஒரு காலத்தில் ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடத்தில்கூட பிராமணருக்கு ஒரு பகுதி, மற்றவருக்கு ஒரு பகுதி என்று பிரித்திருந்தார்கள். பெரியாரும் அவரது இயக்கமும் எதிர்த்து, 1941இல்தான் அந்தப் பிரிவினை நீங்கியது. சுதந்திரம் வந்த பிறகும் "பிராமணாள் ஹோட்டல்" என்று பெயர்ப்பலகை தொங்கியது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே வாசலில் அதை எதிர்த்துப் பெரியார் மறியல் தொடங்கினார். மாதக்கணக்கில் ஆட்கள் போய் நின்று கைதானார்கள். கிராமத்து டீக்கடைகளில் இரட்டை டம்ளர் அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தது, இன்னும் முழுசாக ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

அதனால் தனியாகப் போய், யார் என்று யாரும் கேட்காமல், காசு கொடுத்து, கிடைத்த இருக்கையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. எங்கள் தாத்தா டவுனுக்கு வந்தால் கட்டுச்சோறு கொண்டுவருவார். ஹோட்டலுக்குள் போக மாட்டார். நான் போகிறேன். என் எதிரே உட்காருகிறவர் இலையை மடித்துவிட்டு எழுந்து போகும்போது தலையை லேசாக அசைத்துவிட்டுப் போவார். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. வெள்ளைக்கோட்டு சகோதரி எழுதியதைப் பார்த்தால், பெண்களுக்கு அந்த இருக்கை இன்னும் முழுசாகக் கிடைக்கவில்லை என்று தெரிகிறது. பாக்கி இருக்கிற வேலை அது.

மேன்ஷன்_3ஆம்_மாடி எழுதியது:

திருவல்லிக்கேணி என்றதும் எழுத வந்தேன். நான் அங்கே மேன்ஷனில், அதாவது தனி ஆண்கள் வாடகைக்குத் தங்குகிற விடுதியில், இருந்தவன். அந்தப் பகுதியில் மெஸ்கள் வாழ்வதே தனியாகச் சாப்பிடுகிறவர்களை நம்பித்தான். காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு வெளியே நிற்க வேண்டும், கூப்பிட்டதும் உள்ளே போய்க் கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். நமக்கு இந்தப் பக்கம் பரீட்சைக்குப் படிக்கிற பையன், அந்தப் பக்கம் ரிட்டயர் ஆன ஒருத்தர். யாருமே குடும்பத்தோடு வந்தவர் இல்லை. அப்படிப்பட்ட கூடத்தில் தனியாக இருக்கிறோம் என்ற நினைப்பே வராது.

ஆனால் வேலை இல்லாத நாட்களில் தனியாகச் சாப்பிடுவது சுகமாக இருந்தது என்று சொன்னால் பொய். பையில் இருக்கிற காசை எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போகிறவனுக்கு ருசி இரண்டாம்பட்சம். 2013இல் அம்மா உணவகம் வந்தபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். என்னைப் போன்ற எத்தனையோ பேர் அங்கே நின்றுகொண்டே சாப்பிட்டுக் காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சம்பளம் வந்த முதல் மாதம் ரத்னா கஃபேவில் சாம்பார் இட்லி சாப்பிட்டேன். 1948இல் தொடங்கிய கடை. இட்லி மூழ்கும்படி சாம்பாரை ஊற்றுவார்கள், தீர்ந்தால் மறுபடி வந்து ஊற்றுவார்கள். ஸ்பூனால் வெட்டினால் உள்ளே வெள்ளை, வெளியே சாம்பார் நிறம். அன்றைக்கும் தனியாகத்தான் போனேன். அது வேறு தனி.

பூவரசு எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து. இங்கே உணவங்காடிகளில் தனியாகச் சாப்பிடுகிறவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சிக்கல் ஒன்றுதான்: தனியாகப் போனால் நாம் வரிசையில் நிற்கும்போது இடத்தை யார் பார்த்துக்கொள்வது? அதற்கு ஊரே ஒத்துக்கொண்ட வழி, மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போவது. குடையும் வைக்கலாம். அதைத் தள்ளிவிட்டு யாரும் உட்கார மாட்டார்கள். தேக்கா நிலைய உணவங்காடியில் மதியம் ஒரு மணிக்கு அவ்வளவு கூட்டத்திலும் அந்தச் சின்ன பாக்கெட்டுக்கு மரியாதை உண்டு. "இங்கே ஆள் இருக்கா?" என்று கேட்டுவிட்டு ஒரு சீனப் பாட்டி எதிரே உட்காருவார். அவர் நூடுல்ஸ், நான் பிரியாணி. சாப்பிட்டதும் தட்டை நாமே எடுத்துப் போய் வைத்துவிட வேண்டும், 2021 செப்டம்பரிலிருந்து அது சட்டம். 2020இல் இந்த அங்காடி உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

பெண்கள் பற்றிக் கேட்டீர்கள். ராத்திரி பத்து மணிக்குத் தனியாக ஒரு பெண் தே தாரிக்கும் (இங்கத்து ஆற்றிய பால் டீ) பரோட்டாவுமாக உட்கார்ந்திருப்பதை இங்கே தினமும் பார்க்கலாம். ஊருக்கு வரும்போது எனக்கு அந்த ஒன்றுதான் உறைக்கிறது.

சாமுராய்_சாம்பார் எழுதியது:

நான் டோக்கியோ. தனியாகச் சாப்பிடுவதற்கென்றே ஊரைக் கட்டி வைத்த மாதிரி இருக்கும் இங்கே. ராமென் (சூப்பில் போட்ட நூடுல்ஸ்) கடை வாசலில் மெஷினில் காசு போட்டுச் சீட்டு எடுத்து, கவுண்டரில் உட்கார்ந்து சீட்டைக் கொடுத்தால் போதும். உள்ளே நுழைந்ததும் எத்தனை பேர் என்று கேட்பார்கள், நாம் ஒரு விரலைக் காட்டினால் நேராக ஒற்றை இருக்கைக்குக் கூட்டிப்போவார்கள். முகத்தில் இரக்கம் இருக்காது.

இச்சிரான் என்ற கடையில் ஒவ்வொரு இருக்கைக்கும் ரெண்டு பக்கமும் பலகைத் தடுப்பு உண்டு. தண்ணீர்க் குழாய்கூட உங்கள் இடத்திலேயே இருக்கும். கிண்ணத்தை வைத்ததும் எதிரே இருக்கிற மூங்கில் திரையை இறக்கிவிடுவார்கள். சமைத்தவர் முகமும் தெரியாது, பக்கத்தில் இருப்பவர் முகமும் தெரியாது. சாப்பாட்டில் மட்டும் கவனம் இருக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அது ஒத்துவரவில்லை. தடுப்பில்லாத சின்னக் கடையில், அடுப்புக்கு முன்னால், முழங்கை பக்கத்து ஆள் மேல் படாமல் ஒடுங்கி உட்கார்ந்து சாப்பிடுவதுதான் பிடிக்கிறது. அதில் நம் மெஸ்ஸின் வாடை கொஞ்சம் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள் மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், காய்கறி மட்டும் தெரிகிற கிண்ணத்திலும் குழம்பு மீன் சாறில் கொதித்ததாக இருக்கும்.

பசவனகுடி எழுதியது:

பெங்களூரில் நின்றுகொண்டு சாப்பிடுகிற கடைகளைச் சொல்லாமல் இந்த இழை முடியக்கூடாது. சங்கரபுரம் பிராமின்ஸ் காபி பாரில் இட்லி, வடை, காபி, இன்னும் ரெண்டு ஐட்டம், அவ்வளவுதான். சாம்பார் கிடையாது, சட்னிதான், அதைக் கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். இருக்கை இல்லாததால் தனி ஆள், கூட்டம் என்ற பேதமே இல்லை. லால்பாக் ரோட்டில் எம்டிஆர், 1924இல் தொடங்கியது, அங்கே பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தனியாகப் போனால் சீக்கிரம் கூப்பிடுவார்கள். ஏதாவது மேசையில் ஒரு இருக்கை எப்படியும் காலியாகும். குடும்பமாக நிற்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க நாம் உள்ளே போய்விடலாம். காந்தி பஜார் வித்யார்த்தி பவனிலும் அப்படித்தான்.

நெய்ரோஸ்ட்88 எழுதியது:

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. ஒரு சந்தேகம். தனியாக உட்கார்ந்து என்ன செய்வது? போன் பார்க்கலாமா, புத்தகம் கொண்டுபோகலாமா? சும்மா உட்கார்ந்தால் கையும் காலும் ஓடாது எனக்கு.

தேன்மொழி_திருச்சி எழுதியது:

ஆர்டர் சொல்லிவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் எது வேண்டுமானாலும் பாருங்கள். இலை வந்ததும் உள்ளே வைத்துவிடுங்கள். நம் சாப்பாடு இரண்டாவது கையை விட்டுவைக்காது. வலது கையில் சாம்பார், தண்ணீர் டம்ளர் எடுக்க இடது கை, இதில் புத்தகத்தை எங்கே பிடிப்பது? அதைவிட முக்கியம், மதியச் சாப்பாட்டில் சப்ளையர் வாளியோடு வந்துகொண்டே இருப்பார். "கூட்டு? பொரியல்? காரக்குழம்பு?" என்று கேட்டுக்கொண்டே நகர்ந்துவிடுவார். போனில் கண் இருந்தால் கூட்டு போய்விடும், அப்புறம் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும்.

வீட்டிலோ விருந்திலோ சாம்பார் முடிந்து எல்லோரும் ரசத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். தனியாக இருந்தால் எனக்குச் சாம்பார் ஒரு கை போதும், ரசத்துக்கு ரெண்டு தடவை சாதம் வாங்குவேன். இரண்டாவது தடவை அடியில் தங்கின பருப்போடு கலக்கி ஊற்றச் சொல்வேன். அப்பளத்தை எப்போது நொறுக்குவது, பாயசத்தை மோருக்கு முன்னா பின்னா என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மருந்துப்பை எழுதியது:

பை விஷயம் யாரும் சொல்லவில்லையே. கை கழுவப் போகும்போது பையையும் போனையும் மேசையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சாப்பிடும்போது பையை இரண்டு காலுக்கு நடுவே வைத்து, வாரை ஒரு காலில் மாட்டிக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடிப்பதற்கு முன்பே எழுந்து போக வேண்டியிருந்தால், இலையை மடிக்காமல் சப்ளையரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். மடித்த இலை என்றால் எடுத்துவிடுவார்கள்.

நெய்ரோஸ்ட்88 எழுதியது:

சரி, முடிவு பண்ணிவிட்டேன். இந்தச் சனிக்கிழமை தனியாகப் போகிறேன். வீடு மந்தைவெளி. முதல் தடவைக்கு எங்கே போகலாம்?

மேன்ஷன்_3ஆம்_மாடி எழுதியது:

மந்தைவெளியில் இருந்துகொண்டு கேட்கிறீர்களே! நடந்து போகிற தூரம்தான். காலை என்றால் மயிலாப்பூர் ராயர் மெஸ். சந்துக்குள் இருக்கிற சின்னக் கடை, உட்கார இடம் குறைவு, வாசலில் நின்றுதான் உள்ளே போக வேண்டும். சீக்கிரம் போங்கள், வெயில் ஏறிவிட்டால் கிடைக்காது. இட்லி, வடை, பொங்கல், காரச் சட்னி. சாயங்காலம் என்றால் கிழக்கு மாட வீதி கற்பகாம்பாள் மெஸ்ஸில் தேன்மொழி சொன்ன அடை அவியல். அப்படியே கீரை வடையும் கேளுங்கள்.

வெள்ளைக்கோட்டு எழுதியது:

காலையிலேயே போங்கள் தம்பி. நைட் டியூட்டி முடிகிற நாள் என்றால் நானும் அங்கே இருப்பேன். பேச வர மாட்டேன், நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

பொன்னி_அரிசி எழுதியது:

காரச் சட்னியை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொள் தம்பி. கூச்சப்படாதே. நானும் என் வீட்டுக்காரியிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். "எனக்கும் ஒரு நாள் இப்படித் தனியாகப் போக வேண்டும், என்னை வாசலில் விட்டுவிட்டு நீங்கள் கிளம்பிப் போய்விட வேண்டும்" என்கிறாள். கும்பகோணத்தில் இருக்கிறோம். மருந்துப்பை தம்பி, கடப்பா எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று விசாரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

மருந்துப்பை எழுதியது:

ஐயா, நான் பார்த்தவரை சனி, ஞாயிறில் கிடைக்க வாய்ப்பு அதிகம். அடுத்த வாரம் அங்கேதான் வருகிறேன், கடைகளில் கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன். உங்கள் வீட்டு அம்மாவைக் காலை எட்டுக்குள் போகச் சொல்லுங்கள், அதற்கு மேல் தீர்ந்துவிடும்.